காற்றலைக்கும் முறைப்பாசனம் வேண்டும்

1960-களில் தஞ்சை மாவட்டத்தில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் ரகம் பரவியபோது விவசாயிகள் அதற்குத் தாங்களாகவே ஒரு பெயர் சூட்டினார்கள். ‘ரேடியோ நெல்’ என்பதே அந்தப் பெயர். திருச்சி வானொலி ஒலிபரப்பிய பண்ணை நிகழ்ச்சிகளைக் கேட்டு, அவற்றில் சொல்லப்பட்ட சாகுபடி முறைகளைப் பின்பற்றிப் பயிரிட்டதால் அந்தப் பெயர் நிலைத்தது. காற்றில் வரும் செய்தி வயலில் விளைச்சலாக மாறும் என்பதை டெல்டா விவசாயிகள் அன்றே கண்டுகொண்டார்கள்.

ஆனால் அந்த வானொலி ஒருவழிப் பாதை. நிலையம் பேசியது, விவசாயி கேட்டார். விதை, உரம், பூச்சிமருந்து பற்றிய செய்திக்கு அது போதுமானதாக இருந்தது. ஆபத்துக் காலத்தில் அது போதாது. வெள்ளம் சூழ்ந்த ஊரில் இருப்பவர் கேட்டுக்கொண்டிருந்தால் மட்டும் பயனில்லை. அவர் பேசவும் வேண்டும், அவர் பேசுவது உரியவர் காதில் விழவும் வேண்டும். இந்த இடத்தில்தான் இன்றும் பெரிய ஓட்டை இருக்கிறது. அதை அடைக்கும் தொழில்நுட்பம் வந்துவிட்டது. அதைப் பயன்படுத்தும் விதிகள்தான் இன்னும் கிராமத்தை எட்டவில்லை.

கஜா கற்பித்த பாடம்

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்தது. நாகை, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் ஒரே இரவில் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. இருபது முப்பது ஆண்டுகள் வளர்த்த மரங்கள் பொழுது விடிவதற்குள் விறகாயின.

புயல் வரப்போவது முன்கூட்டியே தெரிந்திருந்தது. வானிலை மையம் எச்சரித்தது. மக்கள் முகாம்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். வெளியுலகிற்குத் தெரியாமல் போனது புயலுக்குப் பிந்தைய நிலைமைதான். மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் முறிந்து விழுந்தன. உள்ளடங்கிய பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. செல்போன் கோபுரங்கள் பல செயலிழந்தன. எந்த ஊரில் குடிநீர் இல்லை, எந்த ஊரில் பாதை அடைபட்டிருக்கிறது, எங்கே மாடுகள் கொட்டகையின் கீழ் சிக்கியிருக்கின்றன என்பதைச் சொல்ல வழியில்லாமல் போயிற்று. சொல்ல முடிந்த ஊருக்கு உதவி முதலில் வருவதும், சொல்ல முடியாத ஊருக்குக் கடைசியில் வருவதும் எந்தப் பேரிடரிலும் இயல்பு. கடைமடைக்குத் தண்ணீர் கடைசியாக வருவதைப் போன்றதே இது.

செல்போன் கோபுரம் நின்றுகொண்டிருந்தாலே பேசிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. கோபுரத்திற்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் நின்றால் பேட்டரி சில மணி நேரம் தாங்கும். அதற்குப் பிறகு ஜெனரேட்டருக்கு டீசல் வர வேண்டும். மரங்கள் குறுக்கே விழுந்து கிடக்கும் சாலையில் டீசல் வண்டி வராது. கோபுரத்தை மற்ற ஊர்களோடு இணைக்கும் கேபிள் அறுந்துபோனாலும் கோபுரம் ஊமையாகிவிடும். இவை எல்லாம் சரியாக இருந்தாலும், ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் பேச முற்பட்டால் நெரிசலில் யாருடைய அழைப்பும் போகாது. மீட்புப் படையினரின் அழைப்பும் அந்தக் கூட்டத்தில் சிக்கிக்கொள்ளும்.

ஊர் விவசாயிகளுக்கு இதில் வேறொரு கவலையும் உண்டு. இன்று பம்புசெட்டை இயக்குவதே பல தோட்டங்களில் செல்போன் வழியாகத்தான். வீட்டிலிருந்தபடி ஒரு அழைப்புக் கொடுத்தால் மோட்டார் ஓடுகிறது. பயிர்க் காப்பீடு, நிவாரணக் கணக்கெடுப்பு, பால் பணம் என எல்லாவற்றுக்கும் அதே போன்தான். ஒரே கயிற்றில் இத்தனை மாடுகளைக் கட்டிவிட்ட பிறகு, அந்தக் கயிறு அறுந்தால் என்ன செய்வது என்பதை முன்பே யோசித்து வைப்பது அவசியம்.

அலைக்கற்றை என்றால் என்ன?

ரேடியோ, தொலைக்காட்சி, செல்போன், காவல்துறையின் மைக், விமான நிலையத்தின் ரேடார் ஆகிய எல்லாமே ரேடியோ அலைகளைக் கொண்டுதான் இயங்குகின்றன. ஒன்றோடொன்று கலந்துவிடாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண்ணில் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. எப்.எம். ரேடியோவில் 88 முதல் 108 வரை எண்கள் இருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அது 88 முதல் 108 மெகா ஹெர்ட்ஸ் வரை எப்.எம். ஒலிபரப்புக்கு ஒதுக்கப்பட்ட இடம். அதற்குக் கீழும் மேலும் இப்படிப் பல பகுதிகள் உள்ளன. இவை அனைத்தும் சேர்ந்ததே அலைக்கற்றை.

நிலத்தைப் போலவே அலைக்கற்றையும் அளவுக்கு உட்பட்டது. புதிதாக உண்டாக்க முடியாது. இருப்பதைப் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும். அது யாருடைய சொத்து என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1995-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தெளிவான விடை தந்தது. காற்றலைகள் பொதுச் சொத்து என்றும், பொது நலனுக்காக அவை நெறிப்படுத்தப்பட வேண்டும் என்றும் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊர்ப் பொது ஏரியைப் போல, உழுகிற சம்சாரிக்கும் அதில் பங்கு உண்டு என்பதே இதன் பொருள்.

ஆனால் இதுவரை பிரித்துக் கொடுத்த விதம் ஏரிப் பாசனம் போன்றதல்ல. வேலி போட்டு நிலத்தை எழுதிக் கொடுத்தது போன்றது. ஒருவருக்கு ஒதுக்கப்பட்ட பகுதியை அவர் பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் மற்றவர் தொட முடியாது. நகரத்தில் இடம் போதாமல் நெருக்கடி. கிராமத்தில் அதே இடம் தரிசு.

எவ்வளவு தரிசு என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 470 முதல் 590 மெகா ஹெர்ட்ஸ் வரையுள்ள தொலைக்காட்சிப் பகுதியை மும்பை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் கணக்கிட்டு 2014-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அந்தப் பகுதியில் உள்ள 15 சேனல்களில், நாட்டின் ஏறத்தாழ எல்லா இடங்களிலும் குறைந்தது 12 சேனல்கள் பயன்படாமல் கிடந்தன. அதற்குப் பிறகு தூர்தர்ஷனின் பழைய முறைத் தரைவழி ஒளிபரப்புக் கோபுரங்களில் பெரும்பாலானவை மூடப்பட்டுவிட்டன. இந்த அலைகள் தொலைதூரம் போகக்கூடியவை. மரம் மட்டை, சுவர் ஆகியவற்றை ஓரளவு ஊடுருவக்கூடியவை. அதாவது கிராமத்திற்கு ஏற்ற நல்ல நிலம்தான் தரிசாகக் கிடந்தது.

கேட்டுப் பார்த்துப் பேசும் ரேடியோ

இந்தத் தரிசைப் பயன்படுத்த வந்ததுதான் ‘காக்னிட்டிவ் ரேடியோ’ எனப்படும் புதுவகை ரேடியோ. 1999-இல் அமெரிக்கரான ஜோசஃப் மிட்டோலா இந்தப் பெயரை வழங்கினார். பழைய ரேடியோ செட் தனக்கென அமைத்த ஒரே அலைவரிசையில்தான் பேசும். புதுவகை ரேடியோவுக்குள் சிறிய கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது. அது முதலில் சுற்றுப்புறத்தைக் கேட்கிறது. எந்த அலைவரிசையில் யார் பேசுகிறார்கள், எது காலியாக இருக்கிறது என்று பார்க்கிறது. காலியான இடத்தில் தேவையான அளவு சக்தியை மட்டும் பயன்படுத்திப் பேசுகிறது. உரியவர் வந்துவிட்டால் உடனே விலகி வேறு இடம் தேடிக்கொள்கிறது.

இதை நல்ல நீர்க்கட்டியின் வேலையோடு ஒப்பிடலாம். எந்த வயலுக்குத் தண்ணீர் போதும், எந்த மடையை அடைக்கலாம், எதைத் திறக்கலாம் என்று வரப்பில் நடந்து பார்த்து முடிவு செய்பவர் அவர். நிலம் யாருடையது என்பதை அவர் மாற்றுவதில்லை. தண்ணீர் வீணாகாமல் பார்த்துக்கொள்கிறார்.

கேட்டுப் பார்ப்பது மட்டும் போதாது என்பதும் அனுபவத்தில் தெரிந்தது. பள்ளத்தில் இருக்கும் ரேடியோவுக்கு, மேட்டுக்கு அப்பால் பேசுபவரின் ஒலி கேட்காமல் போகலாம். காலி என்று நினைத்துப் பேச ஆரம்பித்தால் அது மற்றவருக்கு இடைஞ்சலாகிவிடும். கடைமடைக்காரர் காய்ந்த வாய்க்காலைப் பார்த்துவிட்டு, மேலே யாரும் பாய்ச்சவில்லை என்று முடிவு கட்டுவது போன்ற தவறு அது. எனவே அமெரிக்காவில் 2008-இல் தொலைக்காட்சிப் பகுதியின் காலி இடங்களைப் பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்தபோது ஒரு பதிவேட்டு முறையும் கொண்டுவந்தார்கள். ரேடியோ தான் இருக்கும் இடத்தைத் தெரிவித்து, அந்த இடத்தில் எந்தெந்த சேனல் காலி என்று பதிவேட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அடங்கல் பார்த்து நிலத்தின் நிலையை அறிவது போன்ற ஏற்பாடு இது.

இந்த முறை பண்ணைக்கும் வந்தது. வாஷிங்டன் மாநிலத்தில் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் தொலைக்காட்சியின் காலி சேனல்கள் வழியாக, வயலில் உள்ள மண் ஈரம் அளக்கும் கருவிகளின் கணக்கைப் பண்ணை வீட்டிற்குக் கொண்டுவந்து காட்டி, 2017-இல் அதன் விவரங்களை வெளியிட்டார்கள். இந்தியாவில் மும்பை ஐ.ஐ.டி. குழுவினர் மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டக் கிராமங்களில் இதே வழியில் இணைய வசதி தந்து சோதித்தார்கள். ஆக, இது ஆய்வுக்கூடத்துக்கு வெளியிலும் வேலை செய்யும் முறை.

கடற்படையோடு பங்கு

இதைவிடப் பெரிய பங்கீடு ஒன்றும் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் 3550 முதல் 3700 மெகா ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியைக் கடற்படைக் கப்பல்களின் ரேடார்கள் பயன்படுத்தி வந்தன. கப்பல் கரையோரம் வரும்போது மட்டும்தான் அங்கே அந்த இடம் தேவை. உள்நாட்டில் அது ஆண்டு முழுவதும் சும்மா கிடந்தது. 2015-இல் இதற்கு மூன்று அடுக்கு விதி வகுக்கப்பட்டது. முதல் உரிமை கடற்படை போன்ற ஏற்கனவே இருப்பவர்களுக்கு. இரண்டாவது உரிமை ஏலத்தில் எடுத்தவர்களுக்கு. மூன்றாவதாக, மீதி இருக்கும் இடத்தை முறைப்படி பதிந்துகொண்ட எவரும் பயன்படுத்தலாம். கடலோரம் உணர்கருவிகள் அமைக்கப்பட்டன. ரேடார் ஒலி கேட்டதும் கீழ் அடுக்கில் இருப்பவர்கள் தானாகவே வேறு இடத்துக்கு நகர்த்தப்படுகிறார்கள். 2020 ஜனவரியில் இது முழு அளவில் நடைமுறைக்கு வந்தது.

நாட்டின் பாதுகாப்புக்கான ரேடாரோடு ஊர்ப் பள்ளிக்கூடமும் தொழிற்சாலையும் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்ள முடியும் என்றால், மீட்புப் படையோடும் பகிர்ந்துகொள்ள முடியும். அங்கும் அமெரிக்கா கசப்பான பாடம் கற்றே முன்னேறியது.

343 உயிர்கள்

2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் தாக்கப்பட்டபோது தீயணைப்பு வீரர்கள் 343 பேர் உயிரிழந்தார்கள். ஒரு கோபுரம் இடிந்த பிறகு, மற்றக் கோபுரத்தில் இருந்தவர்களை வெளியேறும்படி தலைவர்கள் ரேடியோவில் உத்தரவிட்டார்கள். உள்ளே இருந்த பலரது செட்டுகளில் அது கேட்கவில்லை. காவல்துறை ஹெலிகாப்டரில் இருந்தவர்கள் மேலிருந்து கோபுரத்தின் நிலையைக் கண்டார்கள். ஆனால் காவல்துறை ரேடியோ வேறு, தீயணைப்புத் துறை ரேடியோ வேறு. ஒருவர் சொல்வது மற்றவருக்கு நேரடியாகப் போய்ச் சேரவில்லை. உலகின் பணக்கார நகரங்களில் ஒன்றில், பக்கத்துப் பக்கத்தில் நின்ற இரண்டு துறைகள் ஒன்றோடொன்று பேச முடியாமல் போயிற்று.

அதற்குப் பிறகு மீட்புத் துறைகள் அனைத்துக்கும் சேர்த்து ஒரே வலைப்பின்னல் வேண்டும் என்ற கருத்து வலுத்தது. 2012-இல் சட்டம் இயற்றி ‘ஃபர்ஸ்ட்நெட்’ என்ற அமைப்பை நிறுவினார்கள். 700 மெகா ஹெர்ட்ஸ் பகுதியில் 20 மெகா ஹெர்ட்ஸ் இடம் அதற்குத் தரப்பட்டது. 2017-இல் ஒரு செல்போன் நிறுவனத்துடன் 25 ஆண்டு ஒப்பந்தம் செய்யப்பட்டது. சாதாரண நாட்களில் அந்த இடத்தில் மீதமாவதை நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆபத்து வந்ததும் மீட்புத் துறையினருக்கே முதல் இடம். தேவைப்பட்டால் மற்றவர்களின் இணைப்பைத் துண்டித்தும் அவர்களுக்கு வழிவிட வேண்டும்.

இந்த ஏற்பாட்டின் அருமை, அது இல்லாத இடத்தில் தெரிந்தது. 2018-இல் கலிஃபோர்னியாவில் பெரிய காட்டுத் தீயை அணைத்துக்கொண்டிருந்த ஒரு தீயணைப்புத் துறையின் கட்டளை வண்டிக்கு, மாத அளவைத் தாண்டிவிட்டது என்ற காரணத்தால் வேறொரு செல்போன் நிறுவனம் இணைய வேகத்தைக் குறைத்துவிட்டது. தீ எரிந்துகொண்டிருக்கும்போது சந்தா கணக்கு பார்க்கப்பட்டது. முன்னுரிமை என்பது நல்லெண்ணத்தை நம்பி விடப்படக்கூடாது, விதியாக எழுதப்பட வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

சட்டம் வந்துவிட்டது

இந்தியாவில் இதற்கான கதவு திறந்தே இருக்கிறது. 2018 ஜூனில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், பேரிடர் மீட்புக்கென நாடு முழுவதும் ஒருங்கிணைந்த தகவல் தொடர்பு வலைப்பின்னல் வேண்டும் என்றும், அதற்குத் தனி அலைக்கற்றை ஒதுக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தில் இரண்டு பிரிவுகள் முக்கியமானவை. ஒருவருக்கு ஒதுக்கப்பட்ட அலைக்கற்றையை, அவருக்கு இடைஞ்சல் இல்லாத வகையில் இரண்டாவது ஒருவருக்கும் ஒதுக்க அரசுக்கு 7-ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. பேரிடர் போன்ற பொது நெருக்கடியில் மீட்புப் பணியில் உள்ளவர்களின் செய்திகள் முதலில் செல்ல ஏற்பாடு செய்யும் அதிகாரத்தை 20-ஆம் பிரிவு தருகிறது. இந்த இரண்டு பிரிவுகளும் 2024-இல் நடைமுறைக்கு வந்தன.

இவை இரண்டும் தனித்தனியே நிற்கின்றன. ஒன்றோடொன்று முடிச்சுப் போடப்பட வேண்டும் என்பதே இங்கு வலியுறுத்தப்படும் கருத்து. காலி அலைக்கற்றை இரண்டாவது ஒருவருக்குத் தரப்படும்போதே, ஆபத்துக் காலத்தில் மீட்புப் பணிக்கும் பாதிக்கப்பட்ட ஊருக்கும் அதில் முதல் முறை என்பது நிபந்தனையாக எழுதப்பட வேண்டும். அதைப் பெறும் உரிமை பெரிய நிறுவனங்களோடு நின்றுவிடாமல், ஊராட்சிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் குறைந்த கட்டணத்தில் பெறும்படி இருக்க வேண்டும். ஆண்டு முழுவதும் மண் ஈரம், கிணற்று மட்டம், மோட்டார் ஆகியவற்றுக்குப் பயன்படும் அதே கருவி, புயல் நாளில் ஊரின் குரலாகவும் அமையும். நெருக்கடிக்கென்று தனியே வாங்கி அலமாரியில் பூட்டி வைத்த கருவி, தேவைப்படும் நாளில் வேலை செய்வதில்லை. தினம் ஓடும் எஞ்சின்தான் அவசரத்துக்கும் ஓடும்.

எதிர்ப்புகளும் விடையும்

ஏலத்தில் பெரும் பணம் கொடுத்து அலைக்கற்றை வாங்கியவர்கள் இதை எதிர்க்கலாம். அவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. அவர்கள் பயன்படுத்தும் இடத்தில் யாரும் குறுக்கிடக்கூடாது. ஆனால் அவர்கள் பயன்படுத்தாத ஊரில், பயன்படுத்தாத அலைவரிசையில் மற்றவர் பேசுவதால் அவர்களுக்கு நட்டம் ஏதும் இல்லை. தரிசாகப் போட்ட நிலத்தில் பக்கத்து வீட்டு மாடு மேய்வதை எந்த ஊரிலும் திருட்டு என்று சொல்வதில்லை. விதைத்த பிறகு மேய்ந்தால்தான் குற்றம். விதைத்ததும் மாட்டை ஓட்டிவிடும் காவல்காரனே இந்தப் புது ரேடியோ.

மீட்புத் துறைக்குத் தனி இடம் கொடுத்துவிட்டால் போதாதா என்றும் கேட்கலாம். தனி இடம் கொடுத்தால் ஆண்டில் பெரும்பாலான நாட்கள் அது சும்மா கிடக்கும். சும்மா கிடப்பதற்குக் கோபுரம் கட்ட யாரும் பணம் போடமாட்டார்கள். அதனால் கிராமப்புறத்தில் கோபுரமே வராது. பகிர்ந்துகொள்ளும் முறையில் சாதாரண நாள் வருமானம் கோபுரத்தைத் தாங்கும். ஆபத்து நாளில் கோபுரம் ஊரைத் தாங்கும்.

தொழில்நுட்பத்தை வரவேற்பவர்களும் ஒரு குறையைக் கவனிக்க வேண்டும். பதிவேட்டைக் கேட்டுப் பேசும் ரேடியோ, அந்தப் பதிவேட்டை இணையம் வழியாகவே கேட்கிறது. புயலில் இணையம் அறுந்து, பதிவேட்டிடமிருந்து அனுமதி வராமல் போனால், குறித்த நேரத்திற்குப் பிறகு ரேடியோ பேச்சை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது விதி. சாதாரண நாளில் இது நல்ல விதி. புயல் நாளில் இதுவே ஊரின் வாயைக் கட்டிவிடும். எல்லாக் கருவிகளும் தேவைப்படும் அந்த ஒரு நாளில் எல்லாம் ஒன்றாக ஊமையாகும். எனவே நெருக்கடி அறிவிக்கப்பட்ட மாவட்டங்களில், முன்பே குறித்து வைத்த சில அலைவரிசைகளில் பதிவேடு இல்லாமலே பேசலாம் என்று விதியில் இடம் வைக்க வேண்டும். இந்த ஒரு வரி விட்டுப்போனால் மற்ற எல்லாம் ஏட்டுச் சுரைக்காய்தான்.

மீனவர் பெற்றது, விவசாயி பெறாதது

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது கன்னியாகுமரி மாவட்ட மீனவர்கள் பலர் கரையிலிருந்து நெடுந்தொலைவில் இருந்தார்கள். அவர்களிடம் இருந்த ரேடியோ செட்டுகளின் ஒலி அவ்வளவு தூரம் எட்டாது. எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. திரும்பி வராதவர்கள் பலர். அந்தத் துயரத்திற்குப் பிறகு செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிகளுக்கான முயற்சி வேகம் பெற்றது. 2024-இல் நாடு முழுவதும் ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளில், இருவழியும் செய்தி அனுப்பும் கருவியைப் பொருத்தும் திட்டம் தொடங்கப்பட்டது. கரை மேல் இருக்கும் விவசாயிக்கு அப்படி ஏதும் இல்லை. 2023-இல் எல்லாச் செல்போன்களிலும் ஒரே நேரத்தில் எச்சரிக்கை ஒலி எழுப்பிச் சோதனை நடத்தினார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அதுவும் ரேடியோ நெல் காலத்தைப் போல ஒருவழிப் பாதைதான். அரசு பேசும், ஊர் கேட்கும்.

விதி வரும் வரை செய்யத்தக்கவை

சட்ட விதிகள் வரும் வரை விவசாயிகள் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. ஹாம் ரேடியோ எனப்படும் பொழுதுபோக்கு வானொலி இன்றும் கைவசம் உள்ள வழி. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி தாக்கியபோது, தில்லியைச் சேர்ந்த ஹாம் வானொலியாளர் பாரதி பிரசாத் தம் குழுவினருடன் தற்செயலாகப் போர்ட் பிளேரில் இருந்தார். தொலைபேசிகள் செயலிழந்த அந்தமானிலிருந்து வெளியுலகிற்குச் செய்திகளைக் கொண்டுசேர்த்ததில் அந்தச் சிறு குழுவுக்குப் பெரும் பங்கு உண்டு. ஒரு செட், ஒரு பேட்டரி, ஒரு கம்பி, அவற்றை இயக்கத் தெரிந்த ஆள் ஆகியவையே அவர்களிடம் இருந்தவை.

12 வயது நிரம்பிய எவரும் மத்திய அரசு நடத்தும் தேர்வை எழுதி ஹாம் உரிமம் பெறலாம். அடிப்படை மின்சாரமும் ரேடியோ விதிகளும் தெரிந்தால் போதும். வியாபாரப் பேச்சுக்கு மட்டும் இதைப் பயன்படுத்தக்கூடாது. கடலோரத்திலும் ஆற்றோரத்திலும் உள்ள ஒவ்வொரு ஊரிலும் பிளஸ் டூ படித்த இரண்டு இளைஞர்களை இதற்கு அனுப்புவது ஊராட்சிக்குப் பெரிய செலவல்ல.

ஊர் அளவில் மூன்று காரியங்களைப் புரட்டாசி முடிவதற்குள் செய்துவிடலாம். முதலாவது, மின்சாரம். சூரிய ஒளிப் பம்புசெட் வைத்திருக்கும் விவசாயிகள் ஊரில் யார் யார் என்று பட்டியல் எடுத்து, ஆபத்து நாளில் அங்கிருந்து பேட்டரிக்கு மின்னேற்றம் செய்ய எலக்ட்ரீசியன் உதவியோடு முன்கூட்டியே இணைப்பு அமைத்துக்கொள்ள வேண்டும். புயல் எச்சரிக்கை வந்ததும் தகடுகளைக் கழற்றியோ நன்கு இறுக்கிக் கட்டியோ காப்பாற்ற வேண்டும். இரண்டாவது, ஆள். யார் செய்தி சொல்வது, யாரிடம் சொல்வது, எந்த நேரத்தில் சொல்வது என்று தாலுகா அலுவலகத்தோடு பேசி எழுதி ஒட்டிவைக்க வேண்டும். மூன்றாவது, ஒத்திகை. ஐப்பசி அடைமழைக்கு முன் ஒரு நாள், செல்போன் இல்லை என்று வைத்துக்கொண்டு, ஊரிலிருந்து தாலுகாவுக்கு ஒரு செய்தியைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். சேரவில்லை என்றால் காரணத்தைக் கண்டுபிடிக்க அப்போது நேரம் இருக்கும். புயலன்று இருக்காது.

கிராம சபையில் கேட்க வேண்டியது

கிராம சபைக் கூட்டங்களில் சாலை, தெருவிளக்கு, குடிநீர் பற்றித் தீர்மானம் போடுகிறார்கள். அத்துடன் மூன்று வரிகளைச் சேர்த்துக்கொள்ளலாம். கடலோரக் கோபுரங்களில் குறைந்தது மூன்று நாளைக்குத் தாங்கும் மின்வசதி வேண்டும். காலி அலைக்கற்றையில் உழவர் அமைப்புகளுக்கும் ஊராட்சிகளுக்கும் பங்கு வேண்டும். பேரிடர் நாளில் அந்தப் பங்கு பதிவேட்டுத் தடையின்றி ஊரின் குரலுக்குத் திறந்திருக்க வேண்டும். கேட்காத உரிமையைத் தேடிவந்து தருபவர் யாரும் இல்லை.

ஏரிகளை வெட்டிய முன்னோர், அதோடு முறைப்பாசனத்தையும் வகுத்து வைத்தார்கள். தண்ணீர் பெருகியிருக்கும்போது யாரும் முறை பார்ப்பதில்லை. பஞ்ச காலத்தில் சண்டை வராமல் இருக்கவே முறை வகுக்கப்பட்டது. காற்றலைக்கும் அப்படித்தான். நல்ல நாளில் வகுத்து வைத்த முறையே கெட்ட நாளில் கைகொடுக்கும். அடுத்த புயல் எந்தக் கார்த்திகையில் வரும் என்று யாருக்கும் தெரியாது. அது வருவதற்குள் கடைமடை ஊருக்கும் பேசும் முறை கிடைத்துவிட வேண்டும்.